நிறம் பிடிக்கும் நேரம்

இந்த அறைக்கு அடித்திருக்கும் பச்சை சரியில்லை, அம்மா. உங்களைக் குறை சொல்லவில்லை. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது பூச்சைப் போட்டிருக்கிறான். ஜன்னல் பக்கம் ஒரு பச்சை, அலமாரி பக்கம் வேறொரு பச்சை. இங்கே வந்துபோகிற பலருக்கு இது கண்ணில் பட்டிருக்காது. எனக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து அதுதான் தெரிகிறது.

தண்ணீர் வேண்டாம். நாற்காலியும் இப்படியே இருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் துளசிங்கம். பொதட்டூர்பேட்டையில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். என் அப்பா தொடங்கியது. லுங்கிக்குப் போகும் நூலுக்குச் சாயம் ஏற்றுவது தொழில். எங்கள் பட்டறை நூல் என்றால் தறிக்காரர்கள் சிட்டத்தை, அதாவது நூல்கட்டை, பிரித்துப் பார்க்காமல் வாங்குவார்கள். வெளிப்பக்கம் என்ன நிறமோ உள்பக்கமும் அதே நிறம். சாயம் ஏறாமல் வெளுத்துப்போகும் இடத்தை நாங்கள் திட்டு என்போம். திட்டு விழுந்த நூல் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதில்லை. எப்போதாவது விழுந்துவிட்டால் அப்பா அதைத் தெருவில் போட்டு எரிப்பார், எல்லோரும் பார்க்கும்படி. எங்கள் பெயர் அந்தப் புகையில் வளர்ந்த பெயர்.

அழகு என்றால் என்ன என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ஊரில் என்னை முரடன் என்பார்கள். ஆனால் கத்தரிப்பூவின் நிறத்துக்காக ஒரு காலை முழுவதும் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மார்கழியில் விடிவதற்கு முன் திருத்தணி மலைக்குப் பின்னால் வானம் ஊதாவாக நிற்கும். ஓர் இழை பிசகாமல், விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே ஊதா. அந்த நிறத்தைத் தொட்டியில் கொண்டுவர எனக்கு இரண்டு வருடம் ஆனது. கொண்டுவந்தேன். ஆந்திரா பக்கத்திலிருந்து வியாபாரிகள் அதைத் தேடி வந்தார்கள். கடவுள் ஒரு நிறத்தைக் கொடுத்தால் முழுதாகக் கொடுக்கிறார் என்பது என் எண்ணம். அரைகுறையாக இருப்பதெல்லாம் வேலை கெட்டுப்போனது.

என் மகள் புவனா வேறு மாதிரி நினைத்தாள்.

அவள் பத்தாவது படிக்கும்போது முழங்கையில் முதல் வெள்ளை வந்தது. பிறகு கழுத்தில், முதுகில், கைகளில், உதட்டோரத்தில். தொற்றாது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். உயிரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எங்கள் வகையறாவில் யாருக்கும் இது கிடையாது. நான் அவளுக்கு முழுக்கை ரவிக்கை தைக்கச் சொன்னேன். கல்யாண வீடுகளுக்கு அவளை அழைத்துப்போவதை நிறுத்தினேன். அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் அழுதிருந்தால் நான் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். அவள் அழவில்லை. துணி வடிவமைப்பு படிக்கிறேன் என்று சென்னைக்கு ரயிலேறிப் போய்வந்தாள். படித்து முடித்துவிட்டு வந்து எங்கள் கிணற்றடிக் கொய்யா மரத்தை நாள்கணக்கில் வரைந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன்.

"பட்டைய பாருங்க நைனா. உரிஞ்சி உரிஞ்சி திட்டுத்திட்டா இருக்குது. பச்ச, சாம்பல், சந்தனம். எவ்ளோ அழகு. இத யாருனா நோவுன்னு சொல்றாங்களா?"

"மரம் வேற, மனுஷன் வேற."

"ஆமா. மரத்துக்கு நைனா இல்ல. அது பாட்டுக்கு நிம்மதியா நின்னுகினு இருக்குது."

உள்ளே என் மனைவி அனுசுயா சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை.

அதோடு விடவில்லை. என் பட்டறையிலேயே நூலை அங்கங்கே கட்டி, சாயம் ஏறாமல் செய்து, திட்டுத்திட்டாக நூல் தயாரித்தாள். அதைத் தறியில் கொடுத்து ஒரு புடவை நெய்து வாங்கினாள். கொய்யாப்பட்டைப் புடவை என்று பெயர் வைத்தாள். அப்பா இருந்திருந்தால் தெருவில் போட்டிருப்பார். நான் வயதுக்கு வந்த பெண் என்று பொறுத்தேன். பிறகு அவள் தன் கழுத்தில் இருந்த வெள்ளைகளைச் சுற்றி மையால் கோடு போட்டு, இலை வரைந்து, பூ வரைந்து, அதைப் படமெடுத்துப் போனில் உலகத்துக்குக் காட்டினாள். அந்தப் போன் உங்களிடம்தான் இருக்கிறது. படங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால், அழகாக இருக்கிறது என்று நீங்களும் நினைத்தது தெரிகிறது. பரவாயில்லை. உங்களுக்கு இந்தப் பச்சையும் சரியாகத்தான் தெரிகிறது.

சென்னையில் ஒரு துணிக்கடையில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அந்தப் புடவையை அவளே கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கையில்லாத ரவிக்கையோடு. அதைப் பெரிய பேனராகக் கடை வாசலில் வைப்பார்களாம். தை மாதம் கண்காட்சி. அவளுக்கு அதுதான் எல்லாம். நடக்கும்போது பாடினாள்.

இதற்கிடையில் என் மகன் நவீன்குமாருக்குப் பெண் அமைந்தது. நகரியில் சடகோபன் என்பவருடைய மகள். நல்ல குடும்பம். ஆவணியில் அவர்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். புவனாவை விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். தங்கச்சி வராமல் மோதிரம் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றான் நவீன். அப்படியானால் ஒரு வழி இருக்கிறது என்றேன்.

அவளுடைய தோலின் நிறத்தை நான் கலந்தேன். நீங்கள் இதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறீர்கள். அது எளிதில்லை. மனிதத் தோல் ஒரு நிறம் இல்லை. மஞ்சளுக்குள் சிவப்பு, சிவப்புக்குள் கொஞ்சம் பச்சை. அவள் கையை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நான் துளித்துளியாகக் கலந்தேன். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்காக என்று சம்மதித்திருந்தாள். பூசி முடித்ததும் கண்ணாடியில் பார்த்து, "யாருங்க இது, நம்ம வீட்டுக்கு வந்துகிறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டாள். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது. எது தோல், எது சாயம் என்று எனக்கே தெரியவில்லை.

நகரியில் புழுக்கம். பந்தியில் உட்காரும்போதே அவளுக்கு வியர்த்துவிட்டது. சடகோபனின் மனைவி பாயசம் ஊற்ற வந்தவர், "ஏம்மா, கழுத்துல இன்னாமோ சாயம் ஒழுவிகினு இருக்குது" என்று தன் முந்தானையால் துடைத்தார். துடைத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புவனா சிரித்தாள். "அது ஒழுவட்டும் அத்தை. அதெல்லாம் எங்க நைனா கைவேல. அடியில இருக்கறதுதான் நானு."

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். என் இலையில் சோறு அப்படியே இருந்தது. மறுநாள் சடகோபன் போன் செய்தார். "சம்பந்தி, நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல. எங்க வீட்டம்மாவுக்கு உங்க பொண்ண ரொம்பப் புடிச்சிப்போச்சு. கல்யாணத்துக்கு அது எப்டி இருக்குதோ அப்டியே வரட்டும். பாவம், குழந்தைக்கு எதுக்கு பெயிண்டு?" என்றார்.

பெயிண்ட் என்றார். எங்கள் இரண்டு தலைமுறை வேலையைப் பெயிண்ட் என்றார். பாவம் என்றார். எங்கள் வீட்டில் ஒருவரைப் பார்த்து யாரும் பாவம் என்று சொன்னதில்லை, அம்மா. அவர் சம்பந்தம் வேண்டாம் என்றிருந்தால் நான் சரி என்று போனை வைத்திருப்பேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டுவிட்டார். அதை என்ன செய்வது?

நூலில் சாயம் ஓடினால் சாயத்தைக் குறை சொல்லக் கூடாது. நிறம் பிடிக்கவைக்கவில்லை என்று அர்த்தம். பிடிப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது. காரம் சேர்க்க வேண்டும். பட்டறையில் நாங்கள் அதற்குக் காஸ்டிக் சோடா வைத்திருக்கிறோம். அதற்குமேல் அதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் அந்தக் கேனை எடுத்து வந்திருக்கிறார்கள்.

கல்யாணம் ஐப்பசியில், திருத்தணியில் மலையடிவாரத்து மண்டபத்தில். அதற்கு முந்தைய வாரம் புவனாவிடம் கேட்டேன். முதலில் முடியாது என்றாள். இந்த முறை ஓடாது என்றேன்.

"எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"கல்யாணம் முடியற வரைக்கும்."

அவள் யோசித்தாள். பிறகு ஒரு பேரம் பேசினாள். "சரி, உங்க மனசு கஷ்டப்பட வேணாம், பூசிக்கிறேன். ஆனா தை மாசம் நீங்க என்கூட மெட்ராஸ் வரணும். அந்தப் பேனரு பக்கத்துல என் தோள்மேல கைபோட்டு நின்னு போட்டோ புடிச்சிக்கணும். வெள்ள சட்ட போட்டுகினு. வரீங்களா?"

"ஆங்" என்றேன்.

"சத்தியமா?"

கையை நீட்டினாள். நான் அடித்துக் கொடுத்தேன். நான் சொன்ன பொய் என்று பார்த்தால் இந்த இரண்டுதான். எவ்வளவு நாள் இருக்கும் என்பது ஒன்று. இது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் வேலை இல்லை. அனுசுயா கல்யாணப் பத்திரிகையை முருகன் பாதத்தில் வைக்க மலைக்குப் போயிருந்தாள். புவனா பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து காலித் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். காலை வெயில் ஓட்டுச் சந்து வழியாக விழுந்தது. சாயம் பூசினேன். கழுத்து, தோள், முதுகு, இரண்டு கை. முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அவள் கண்காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். அந்த ஊதாவை அடுத்த புடவைக்குக் கேட்டாள். "உங்க ஊதாவும் என் வெள்ளையும் சேந்தா எப்டி இருக்கும்?" என்றாள். பிறகு மற்றதைப் பூசினேன்.

"எரியுது நைனா."

"நிறம் பிடிக்கிற நேரம். கொஞ்சம் இரு."

இருந்தாள். அதைச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, நான் சொன்னேன் என்பதற்காக அவள் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தண்ணீர் என்றாள். தண்ணீர் பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றேன். எழுந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் மற்றக் கையால் குழாயைத் திருப்பினாள். தண்ணீர் வரவில்லை.

அனுசுயா மலையிலிருந்து திரும்பியபோது அவளைக் கூடத்தில் வாழையிலைமேல் படுக்கவைத்திருந்தேன். என் மனைவி விபூதிப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி என்றாள். நான் வெளியே போய் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினேன்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் வாசலில் வேப்பிலை இருந்தால் அம்மை போட்டிருக்கிறது என்று பொருள். யாரும் உள்ளே வர மாட்டார்கள். டாக்டரைக் கூப்பிடவில்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால்தான் தப்பு. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் இளநீரைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கேட்டாள்.

"எங்க போட்டுகீது?"

"கழுத்துல, கையில."

"மூஞ்சில இல்லியே? தப்பிச்சிகினா. கட்டிக்குடுக்கற பொண்ணு. ஆத்தா எறங்கிப்பா, கவலப்படாதே அண்ணே."

அம்மை கண்ட வீட்டில் சுபகாரியம் கூடாது. கல்யாணத்தைத் தள்ளிவைத்தேன். சடகோபன் ஆறுதல் சொன்னார். நவீன்குமார் வேலைசெய்யும் ஊரிலிருந்து வருகிறேன் என்றான். மாப்பிள்ளை அம்மை வீட்டுக்கு வரக் கூடாது என்று நிறுத்தினேன். புவனாவின் போனை எடுத்து வைத்துவிட்டேன். கல்யாணத்துக்காகச் செய்துவிட்டுக் கல்யாணத்தையே தள்ளிவைத்தீர்களே என்று நீங்கள் இப்போது கேட்டீர்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம்.

காய்ச்சல் வந்தது. ஆர்.கே.பேட்டை போய்க் களிம்பு வாங்கிவந்தேன். புண்ணிலிருந்து வாடை வந்தபோது அனுசுயா எனக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் ஆட்டோக்காரன் தங்கவேலுவைக் கூப்பிட்டுவிட்டாள். வண்டி வாசலில் வந்து நின்றது. புவனா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். எழுந்து உட்கார முயன்றாள். "நைனா, யாரு வந்துகிறாங்க?" என்று கேட்டாள். நான் வெளியே போனேன்.

"ஏன்டா, அம்மை போட்ட பொண்ண வண்டியில ஏத்துவியா?"

அவன் வேப்பிலையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தெரியாது பெரியவரே, மன்னிச்சிக்கோங்க" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போனான், சத்தம் கேட்டு ஆத்தாளுக்குக் கோபம் வரக்கூடாது என்று. நான் உள்ளே வந்தேன். யாருமில்லை என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவள் போனது வெள்ளிக்கிழமை. நவீன் வந்தான். அம்மையில் போனவளை யாரும் தொட வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். அவன் போர்வையை விலக்கினான். பிறகு உங்களுக்குப் போன் செய்தான். தங்கை செத்த வீட்டில், கொள்ளிபோட வேண்டியவன், ஊர் கூடியிருக்கும்போது போலீசைக் கூப்பிட்டான். அவனைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

இப்போது நீங்கள் எழுதி வைத்திருப்பதற்கு வருகிறேன். என் மைத்துனர் மகன் தீனதயாளன் வக்கீல். உங்களிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறான். வயதானவர், மகள்மேல் இருந்த பாசத்தில் கை மருந்துபோல ஏதோ பூசிவிட்டார், அது தோலைச் சுடும் என்று அவருக்குத் தெரியாது, பயத்தில் மறைத்துவிட்டார் என்று அதில் இருக்கிறது. காலையில் என்னிடம் கையெழுத்துக் கேட்டான்.

"மாமா, தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். வயசப் பாத்து விட்டுடுவாங்க."

துளசிங்கத்துக்குக் காஸ்டிக் தெரியாது என்று கோர்ட்டில் படிப்பார்கள். தறிக்காரர்கள் கேட்பார்கள். ஊரில் சாயம் தெரியாதவன் என்ற பேரோடு நான் நடக்க வேண்டும். அதற்கு நான் வரவில்லை. அதைக் கிழித்துவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தம் முடிந்து வந்த வாரமே என் தொடையில் பூசிப் பார்த்தேன். எரிந்தது. வெந்தது. காய்ந்து உதிர்ந்தபோது அந்த இடம் கருப்பாக, அழுத்தமாக, ஓரம் பிசகாமல் இருந்தது. உங்கள் ஆண் காவலர் யாரையாவது கூப்பிடுங்கள், காட்டுகிறேன். சாயம் பிடிக்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தோல் நூல் இல்லை. ஆனால் வெந்து ஆறிய தோல் கருக்கும். எனக்கு அது போதும். சாயத்தை அவளுக்காகத்தான் பூசினேன், நம்பி உட்காருவதற்காக. வேலை செய்ய வேண்டியது மற்றது. குழாயை மேலே வால்வில் மூடிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். எரியும் என்று தெரியும். புண்ணாகும் என்று தெரியும். வாடை வந்த அன்று பிழைக்க மாட்டாள் என்றும் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிடுவார்கள், அவளும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். தெரிந்துதான் ஆட்டோவை அனுப்பினேன். கொலை என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று உங்கள் டாக்டர் இங்கே வந்து என்னிடம் ஒன்று சொன்னார். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காயம் பட்டால் அந்த இடமும் வெள்ளையாகத்தான் ஆறுமாம். பிழைத்திருந்தால் கழுத்து, முதுகு, கை எல்லாம் முழுக்க வெளுத்திருக்கும் என்றார். மரியாதைக்காக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படித்தவர். அவருக்கு நோயைத் தெரியும், நிறத்தைத் தெரியாது. நான் தினமும் காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தவன். தோளின் ஓரத்தில் கருக்கத் தொடங்கியிருந்தது. நிறம் வர நாள் பிடிக்கும். அவள்தான் பொறுக்கவில்லை.